வெள்ளிக்கிழமை கட்டிய பொட்டலங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டில் நிற்காது. மேலே ஏறும், கீழே இறங்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் தொழிற்சாலையில் பெட்டிகளின் மேல் எண்களும், லீவு பாரத்தில் என் பெயரும்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். படிப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாக் மண்டின் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடங்களாக வேலை செய்கிறேன். காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி அக்கரைக்குப் போவேன், மாலையில் அதே ஃபெரியில் எங்கள் வீடு இருக்கும் தீவுக்குத் திரும்புவேன். மேசை, அலமாரி வாங்குகிறவர்கள் வீட்டில் தாங்களே பூட்டிக்கொள்வதற்கான ஆணிகளைப் பையில் போட்டு ஒட்டுவது என் வேலை. எட்டுத் திருகாணி, நான்கு மரக்குச்சி, ஒரு சின்ன சாவி. எல்லாப் பையிலும் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு பையில் ஒன்று குறைந்தால் யாரோ ஒருவர் வீட்டில் மேசை ஆடும். அந்தப் பழக்கம் எனக்குச் சமையலிலும் வந்துவிட்டது. குடும்பத்தோடு எங்கே போனாலும் சாப்பாடு நாங்கள்தான் கொண்டு போவோம். அதை நான்தான் கட்டுவேன். பாத்திரம், கரண்டி, பரிமாறுவது எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு பொட்டலம், ஒவ்வொரு பொட்டலத்திலும் எல்லாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் செபராங் ஜெயாவில் ஒரு அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கிறாள். அங்கே பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பியை அவளுக்குப் பிடித்துப்போனது. நல்ல பிள்ளை. தாசேக் கெலுகோரில் வீடு. அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். பன்னிரண்டு வயதில் ஒரு தங்கை. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் இந்துக்கள். அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது.

தைப்பூசம் முடிந்த வாரம் அவர்கள் மூவரும் எங்கள் பிளாட்டுக்கு வந்தார்கள். என் மனைவி பேசினாள், மகள் பேசினாள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். தம்பியின் அம்மா நேராக என்னைப் பார்த்து, “ஒங்களுக்கு சம்மதமாண்ணே?” என்று கேட்டார். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. “ம்” என்று ஏதோ சொல்லிவிட்டு, தேத்தண்ணி கலக்குகிறேன் என்று சமையலறைக்குள் போனவன், அவர்கள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும் வரைக்கும் வெளியே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மகள் அழுதுகொண்டே சொன்னாள். “பொண்ணோட அப்பாவுக்கு நம்மளப் புடிக்கல, நாம மாதா கோயிலுக்குப் போறவங்கன்னு நெனைக்கிறாரு. புடிக்காத வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்” என்று அந்த அம்மா தன் மகனிடம் சொல்லிவிட்டாராம்.

“போன் போட்டு ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்றாள் மனைவி. தினமும் சொன்னாள். தினமும் நான் போனைக் கையில் எடுத்து, கீழே வைத்தேன்.

மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தம்பியின் தங்கைக்கு வெகுநாளாகத் தண்ணீர்ச் சறுக்குகள் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்குப் போக ஆசை. நோன்புப் பெருநாள் பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமும் ஒரு வேன் எடுத்துக்கொண்டு போகலாம். “அங்க போனா யாரும் ஒக்காந்து மொகத்தப் பாத்துப் பேச வேணாம்ப்பா. எல்லாரும் தண்ணியில கெடப்பாங்க. நீங்க சாப்பாடு மட்டும் கொண்டு வாங்க” என்றாள். எனக்கு உயிர் வந்தது. பேச முடியாததைச் சமைத்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்த அம்மா சமைக்கிறவர். நன்றாகச் சமைத்த சாப்பாட்டைப் பார்த்தால் வெறுப்போடு சமைத்ததா, ஆசையோடு சமைத்ததா என்று அவருக்குத் தெரியாதா?

சனிக்கிழமை போவதாக இருந்தது. புதன்கிழமை தம்பியின் ஷிப்ட் மாறி, வெள்ளிக்கிழமை என்று ஆனது. நான் ஒரு நாள் முந்திப் பாசாருக்குப் போய்க் கோழி வாங்கி வந்தேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முன்பு வெள்ளிக்கிழமை கவிச்சி சமைக்க மாட்டோம். ஷிப்ட் வேலை வந்ததும் அது விட்டுப்போய், இப்போது புரட்டாசி மாதத்தோடு சரி. அதனால் எனக்குக் கிழமை உறைக்கவே இல்லை. மனைவி அவர்களுக்குப் போன் போட்டு, “நீங்க ஒன்னுமே கொண்டு வரக் கூடாது, சொல்லிட்டேன்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அதிகாலையில் எழுந்து நாசி லெமாக் சமைத்தேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி சம்பல், அரை முட்டை, வெள்ளரிக்காய். அதன் மேல் கோழித் தொடை ஒன்று, பொரித்து, காரக் குழம்பில் புரட்டியது. குழம்பையும் ஒரு கரண்டி சோற்றின் மேல் ஊற்றினேன். வாழையிலை உள்ளே, பழுப்புத் தாள் வெளியே, ரப்பர் வளையம். ஆறு பேருக்குப் பன்னிரண்டு, அதற்கு மேல் மூன்று. எல்லாம் ஒரே அளவு. வரிசையாகப் பெட்டியில் அடுக்கிப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

பாலம் தாண்டித் தெற்கே இரண்டு மணி நேரப் பயணம். தம்பிதான் வேனை ஓட்டினான். வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு போகக் கூடாது. அது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் பெட்டியை வேனிலேயே வைத்துவிட்டோம். கையில் கட்டிவிட்ட காகித வளையத்தைக் காட்டினால் மதியம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகலாம். ஆனால் என் மனைவி சும்மா இருப்பாளா? துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த கச்சான் கொட்டையை, வறுத்த வேர்க்கடலையை, காவலாளி வெளியே எடுத்தார்.

“கொட்டதானேப்பா, இது சாப்பாடா?” என்றாள் அவள் மலாய் பாதி தமிழ் பாதியாக.

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மனைவி அந்த இடத்திலேயே நின்று எல்லார் கையிலும் ஒரு பிடி கொட்டினாள். “வயித்துக்குள்ள கொண்டு போறத யாரும் தடுக்க முடியாது. சாப்புடுங்க.” தம்பியின் அம்மாவும் வாங்கிச் சாப்பிட்டார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

காலை முழுக்க மகளும் தம்பியும் அந்தச் சின்னப் பெண்ணும் சறுக்கில் ஏறுவதும் கத்துவதுமாக இருந்தார்கள். நான் துண்டுகளைப் பார்த்துக்கொண்டேன். மணி பன்னிரண்டு ஆவதற்காகக் காத்திருந்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஓரமாக ஒரு மரம் இருந்தது. அதன் அடியில் பாய் விரித்தோம். நான் பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். பசியில் இருந்த தம்பி வாங்கிய வேகத்தில் பிரித்து, தொடையை எடுத்து ஒரு கடி கடித்தான்.

“அங்கிள், பவர் லா!” என்றான் வாய் நிறைய.

அவன் அம்மா பொட்டலத்தைப் பாதி பிரித்தார். பார்த்தார். இலையை மெதுவாகத் திரும்ப மடித்தார், தாளை மடித்தார், ரப்பர் வளையத்தை முன்போலவே மாட்டினார்.

“டேய். இன்னிக்கு என்ன கெழம?”

“வெள்ளி...” என்றவன் தாடை அப்படியே நின்றுவிட்டது.

“என்ன வெள்ளி?”

“தவக்காலத்து வெள்ளி” என்று தங்கை எடுத்துக் கொடுத்தாள். “இன்னிக்கு சுத்தபோசனம். கறி சாப்புடக் கூடாது. அண்ணே, வாயில என்ன?”

விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “துப்பிறாதடா, செஞ்சவரு எதிர்ல ஒக்காந்திருக்காரு” என்றார் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அந்தச் சின்னப் பெண் சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“ஐயோ, சனிக்கெழமன்னு இருந்ததுல யாருமே யோசிக்கலியே” என்றாள் என் மனைவி. “கோழிய எடுத்துப்புட்டு சோறு மட்டும்...” என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். குழம்பு சோற்றின் அடிவரைக்கும் இறங்கிச் சிவந்திருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் அப்படித்தான். பதினைந்தும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டியவன் நான்.

“இருக்கட்டும்க்கா. ஒரு வேள பட்டினி கெடந்தா ஒன்னும் ஆவாது” என்றார் தம்பியின் அம்மா.

“அம்மா, எனக்குப் பசிக்குது” என்றாள் சின்னவள்.

பிறகு அவர் மகனிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதிலும் விழுந்தது. “தெரிஞ்சேதான் செஞ்சாங்களோ என்னவோ.”

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வரவில்லை. கால் மட்டும் எழுந்துகொண்டது. நான் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

“ஏங்க, எங்க போறீங்க? ஏங்க!” என்று மனைவி பின்னால் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

வரும் வழியில் சாலை ஓரத்தில் ஒரு மளிகைக் கடையைப் பார்த்திருந்தேன். வெயிலில் பத்து நிமிட நடை. கல்லாவில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். ரொட்டி இரண்டு எடுத்தேன், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை எடுத்தேன். மத்தி மீன் டின் அடுக்கியிருந்த இடத்தில் வந்து நின்றுவிட்டேன். மீனும் கவிச்சிதானே? எங்கள் விரதத்தில் மீனும் கூடாது, முட்டையும் கூடாது. அவர்களுக்கு எப்படி? மறுபடியும் தப்பான ஒன்றைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்தால் என் மகள் கதை அதோடு முடிந்தது. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

“அண்ணே, நில்லுங்க!”

தம்பியின் அம்மா கடை வாசலில் நின்றார். கையில் குடை. மூச்சு வாங்கியது.

“கோவிச்சிக்கிட்டுக் கெளம்பிட்டீங்களா? நான் சொன்னது காதுல விழுந்துருச்சா? ஒங்க வீட்டம்மா அங்க அழுவுறாங்க.”

நான் டின்னை அவரிடம் நீட்டினேன்.

“இது... இன்னிக்கு நீங்க சாப்புடலாமா?”

அவர் டின்னைப் பார்த்தார். என் இன்னொரு கையில் தொங்கிய ரொட்டியைப் பார்த்தார்.

“இத வாங்கவா வெயில்ல வந்தீங்க?”

“ஆமா.”

“மீன் சாப்புடலாம்ணே.”

“முட்ட?”

“முட்டயும் சாப்புடலாம்.”

“மயோனீசு?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையை மடக்கி அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “மயோனீசுல என்னண்ணே, மாடா ஆடா?”

வெளியாள் ஒருவரிடம் அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டது என் ஐம்பத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

“நீங்க மூணு கேட்டுட்டீங்க. நான் ஒன்னே ஒன்னு கேக்குறேன். எங்க மேல ஒங்களுக்கு என்ன வெறுப்பு?”

அலமாரிக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். போவதற்கு வழி இல்லை. மீன் டின்னைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அதனால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

“வெறுப்பு இல்லம்மா. அன்னிக்கு நீங்க சம்மதமான்னு கேட்டீங்க. சம்மதந்தான். வாயில வரல. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னு மக சொன்னா. அப்பவும் போன் பண்ணத் தெரியல. நல்லா சமச்சிக் கொண்டாந்தா நீங்களே புரிஞ்சிக்குவீங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கெழமன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

நான் இன்னும் முடிக்கவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எம்மவ ஒங்க மகன்கிட்ட போன்ல பேசும்போது சத்தமா சிரிக்கிறா. எங்கூட வளந்தவ, அப்படிச் சிரிச்சதே இல்ல. நான் அத சமையலறையில நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன்.”

அலமாரியில் சாய்ந்திருந்த இரண்டு டின்களை அவர் கை தானாக நேராக்கியது. கேண்டீன் பழக்கம். பிறகு சொன்னார். “ரெண்டு மாசமா ஒங்கள நான் திட்டாத நாளில்ல. பூசையில ஒக்காந்துகூடத் திட்டியிருக்கேன். இப்ப ஒங்களால நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவணும். சாமியார்கிட்ட என்னன்னு சொல்றது? ஒரு ஊமையத் திட்டிட்டேன்னா?”

“ஊம இல்லம்மா” என்றேன்.

“தெரியுது, தெரியுது.”

கல்லாவில் இருந்த அம்மாவுக்குத் தமிழ் புரியவில்லை என்றாலும் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, பெருநாளுக்குச் சுட்ட அன்னாசிப் பலகாரம் ஒரு டப்பாவில் இருந்ததை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார். கத்தியையும் ஒரு பெரிய கிண்ணத்தையும் இரவல் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஒரே குடையில் வரவில்லை. குடையை அவர் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், பைகளோடு நான் பின்னால் நடந்தேன். தூரத்திலேயே என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

“செத்த நேரத்துல உசிரு போயிருச்சி. எங்கதான் போய்த் தொலஞ்சீங்க?”

“மீன் வாங்க” என்றேன்.

“அதச் சொல்லிட்டுப் போறதுக்கு என்ன, வாய வேன்ல வச்சிட்டுப் போயிட்டீங்களா?”

“விடுங்கக்கா. கடையில அண்ணே பேசுன பேச்சுக்கு இன்னும் ஒரு மாசத்துக்குப் பேசாம இருக்கலாம்” என்றார் தம்பியின் அம்மா. அதைக் கேட்டு என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

வேனின் பின்கதவைத் திறந்து, பெட்டி மூடியைப் பலகையாக்கி, அவர் வெங்காயம் அரிந்தார். நான் மீனை உடைத்து முள்ளை எடுத்தேன். மகள் எலுமிச்சை பிழிந்தாள். “மெளகா கொஞ்சமாப் போடுங்கண்ணே, சின்னவ சாப்புடணும்” என்றார். நான் குறைத்தேன். “ரொம்பக் கொறச்சிட்டீங்க, எனக்கு நாக்கு செத்துரும்” என்றார். கூட்டினேன். ரொட்டியில் தடவத் தடவ ஆட்கள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தடவை எதுவும் ஒரே அளவாக இல்லை. ஒருவருக்குத் தடிமனாக, ஒருவருக்கு ஒரே வெங்காயமாகப் போனது. யாரும் கேட்கவில்லை. நாங்களும் கோழியைத் தொடவில்லை. அவர்கள் எதிரில் தின்ன மனசு வரவில்லை. அந்தப் பொட்டலங்களை மறுநாள் சூடாக்கி எங்கள் பிளாட்டு மாடியில் எல்லா வீட்டுக்கும் மனைவி கொடுத்தாள்.

“அண்ணன் மட்டும் ஒரு கடி கோழி முழுங்கிட்டான், அவனுக்கு ரொட்டி கெடயாது” என்று சின்னவள் சட்டம் போட்டாள். அவன் நான்கு தின்றான்.

மாலை வேனில் ஏறும் முன்பு தம்பியின் அம்மா ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயிறு தட்டு மாத்திக்கலாம். அண்ணே, ஒங்களுக்குச் சரிதானே?”

மறுபடியும் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடானது.

“சரி” என்றேன். அது போதாது என்று தோன்றியது. “சந்தோசம்” என்றேன். என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தெறித்துவிட்டது என்றாள். அவள் காலையிலிருந்து தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

இனிமேல்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. கல்யாணம் மாதா கோயிலிலா, எங்கள் கோயிலிலா, இரண்டிலுமா, யார் யாருக்கு எதை விட்டுக்கொடுப்பது என்று இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், அவர் குதிப்பார். அவரிடம் நானே போய்ச் சொல்வதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். எப்படிச் சொல்வது என்று ஃபெரியில் நிற்கும்போது தண்ணீரைப் பார்த்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, வருகிறது.

இன்று அவர்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. நாளை எங்களுக்குச் சித்திரை வருடப் பிறப்பு. வேலை முடிந்து அவர்கள் மூவரும் இங்கே சாப்பிட வருகிறார்கள். நாளைக்கு என்ன சமைக்கலாம், என்ன கூடாது என்று நேற்று நானே அந்த அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆறு நிமிடம் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை, 13 ஏப்ரல் 2025